நோட்டில் ஏறாத கிலோமீட்டர்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கொழுந்தன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே சர்க்கரை, கொழுப்பு, அடியேன் மூவரும் ஒரே வீட்டில் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி?

முதலில் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாய்வழியாக வந்தால் இரண்டு சுற்றுப் பெருத்து வரும். போன செவ்வாய்க்கிழமை ஒரு காருக்குள் மாட்டிக்கொண்டு இரண்டேகால் மணி நேரம் கிடந்தேன். ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் என் தொப்பை ஆப்பு அடித்த மாதிரி இறங்கிவிட்டது. மூச்சை இழுத்தாலும் வரவில்லை, விட்டாலும் வரவில்லை. கடைசியில் மெக்கானிக் வந்து, சட்டைப் பொத்தான்களை அறுத்து, வயிற்றில் கிரீஸ் தடவி உருவி எடுத்தார். அவருக்கு ஊரில் ரேடியோ என்று பெயர். வாயே திறக்காதவர் என்பதால் வைத்த பெயர். அது தெரியாமல் வானொலிப் பெட்டியை ரிப்பேருக்குத் தூக்கிவந்தவர்களும் உண்டு.

அது நம் கார், அண்ணி. 'வித்தாச்சு' என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்த அந்த இத்தாலிக் கார்.

ஜூன் கடைசிக்குள் அண்ணனின் அச்சகக் கட்டடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டுமே, அதற்காக அளந்துகொண்டிருந்தேன். பேப்பர் கட்டு அடுக்கும் அறை வெளியே முப்பத்திரண்டு அடி, உள்ளே பதினேழு அடி. மீதிப் பதினைந்து அடியை யார் தின்றது என்று பின்சுவரைத் தட்டினேன், வெற்றுச் சத்தம். நாலு செங்கல் எடுத்ததும் உள்ளிருந்து காற்று வந்தது பாருங்கள், ரொம்ப நாள் அடக்கிவைத்த மூச்சை யாரோ விட்ட மாதிரி. உள்ளே நாலு மரக்கட்டைமேல், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. போர்வையை இழுத்ததும் முன்விளக்கு இரண்டும் என்னைப் பார்த்தன. 'இவ்வளவு நேரமா?' என்று கேட்கிற பார்வை.

ஒன்று மட்டும் உதைக்கிறது. அண்ணன் ஆறடி ஆள். சீட்டோ ஸ்டீயரிங்கில் முட்டுகிற அளவுக்கு முன்னால் இழுத்திருக்கிறது. கண்ணாடியும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நான் மாட்டிக்கொண்டு கிடந்தபோது அதில் என் நெஞ்சுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. இரண்டேகால் மணி நேரம் தலையில்லாத ஆள் ஒருவனோடு உட்கார்ந்திருந்தேன் என்றால் என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

டாஷ்போர்டு அறையில் அண்ணனின் நோட்டு இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பென்சிலால் மீட்டர் எண்ணைக் குறித்திருக்கிறார். கடைசி வரி 31,406. மீட்டரிலும் அதே 31,406. மனுஷன் கணக்கு!

உலகத்தில் இந்த மாதிரி நாற்பது கார்கூட இல்லையாம். பழைய கார் சங்கத்துக்காரர்கள் கண்காட்சிக் கூடத்தில் வைக்கக் கேட்கிறார்கள். இதோடு ஒரு படிவம் இருக்கிறது. 'இந்த வண்டியை என் கணவரைத் தவிர வேறு எவரும் ஓட்டியதில்லை' என்று நீங்கள் கையெழுத்திட வேண்டும். அந்த வாக்கியத்தையே பலகையில் எழுதிக் காருக்கு முன்னால் வைப்பார்களாம்.

போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் மகள் உடனே ஸ்பீக்கரில் போட்டுக் குடும்பத்தையே கூட்டிவிடுகிறாள். கடிதம் என்றால் உங்களுக்கு மட்டும்.

பணிவுடன்,
உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

அண்ணியின் ஆசிகள். முழங்கால் பனிக்குக் கொஞ்சம் அழுகிறது, மற்றபடி குறையில்லை. நீ மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள். இனிப்பைக் கண்டால் கண்ணை மூடிக்கொள், வாயையும் சேர்த்து.

மகளுக்கு வேலை ஜாஸ்தி. பேரனுக்கு முன்பல் விழுந்தது. இங்கே ஜன்னல் திறக்க முடியாத ஜன்னல், வெறும் கண்ணாடி.

தார்ப்பாயை மறுபடி போர்த்திவிடு. சீட்டைப் பின்னால் தள்ளாதே.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பேரனின் பல்லுக்கு என் வாழ்த்துகள். எனக்கும் ஒரு பல் ஆடுகிறது, ஆனால் என்னை யார் கொண்டாடுகிறார்கள்?

இருபத்தெட்டு வருஷம் கழித்து ஒரு கார் சுவருக்குள்ளிருந்து வந்திருக்கிறது, 'அப்படியா' என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. படிவம் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அஞ்சலில் ஒரு பக்கம் தொலைந்துவிட்டதோ என்று உறையைக் கிழித்து உள்பக்கம்கூடப் பார்த்தேன்.

சரி, இதைக் கேளுங்கள். சுவரில் கதவு வைத்துப் பூட்டியாகிவிட்டது. சாவி ஒன்றுதான், என் சட்டைப்பையில். வியாழக்கிழமை காலை திறந்து மீட்டரைப் பார்க்கிறேன். 31,418. பன்னிரண்டு கூடியிருக்கிறது.

ரேடியோவைக் கூட்டிவந்தேன்.

"பேட்டரி?" என்றேன்.

"இல்லை."

"பெட்ரோல்?"

"வார்னிஷ் மாதிரி ஆயிடுச்சு."

"இஞ்சின்?"

"பிடிச்சுக்கிச்சு. யானை தள்ளினாலும் அசையாது."

"சக்கரம் கட்டைமேல நிக்குது. அப்புறம் எப்படிங்க பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும்? வந்து நம்பரைப் பாருங்க."

"என் வேலை போனட்டுக்குள்ள. நம்பர் உங்க வேலை" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய ஒரு மாதப் பேச்சு அதோடு தீர்ந்திருக்கும்.

படிவத்தை மறக்காதீர்கள்.

குழப்பத்துடன்,
கொழுந்தன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் வராவிட்டாலும் என் வணக்கம் வரும். முழங்காலுக்குச் சூடு வைக்கிறீர்களா?

சூடு என்றதும் ஞாபகம் வருகிறது. நேற்று வியாழக்கிழமை மீட்டர் 31,430. நான் நிமிர்த்திவைத்த கண்ணாடி மறுபடி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. அதை எட்டிப் பார்க்கப் போனட்டில் கையை ஊன்றினேன். இதமாக இருந்தது, அண்ணி. இப்போதுதான் அடுப்பை அணைத்த பாத்திரம் மாதிரி. தகரக் கூரை, வெயில் இறங்கியிருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். வெளியே வந்தால் காலையிலிருந்து மூடிக்கொண்டு மழைத் தூறல்.

இந்தக் கார் என்னிடம் வாலாட்டுவது இது முதல் தடவை இல்லை. எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, முகம் பூசணிக்காயாகி, மாடி ஜன்னலோரம் படுத்துக் கிடந்தேனே, பத்தொன்பது வயதில். அப்போது ஒரு புதன்கிழமை மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கார் கேட்டைத் தாண்டிப் போகிறது. உள்ளே யாருமே இல்லை! தலையே தெரியவில்லை. வெறும் கார், தானாக, அண்ணன் ஓட்டுவதைவிட நாலு மடங்கு வேகத்தில். அண்ணன் ஓட்டினால் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அல்லவா போவார்.

சாயங்காலம் அண்ணனிடம், "அண்ணா, உங்க கார் தனியா ஊர் சுத்திட்டு வருது, ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்றேன். பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவனின் முதல் நகைச்சுவை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அவர் சிரிக்கவில்லை. அப்போதிருந்தே எனக்கு வாசகர் ராசி கிடையாது. அடுத்த வாரக் கடைசியில் என்னை விடுதியில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தபோது கார் 'வித்தாச்சு'.

சங்கத்துக்காரர்கள் மே கடைசிவரைதான் பொறுப்பார்களாம்.

கொழுந்தன்


மே 2

தம்பிக்கு,

சுகம்.

போனட்டில் கை வைக்காதே.

அண்ணி


மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். ஆறு வாரம் கழித்து நாலு வார்த்தை. தந்தி கொடுப்பவர்கள்கூட இதைவிடத் தாராளமாக எழுதுவார்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எழுதியிருப்பேன், அது என் தொழில். ஆனால் எந்த வரி என்று தெரிந்தால் தேவலை.

மீட்டர் இப்போது 31,442. பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் ஏறுகிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கேயோ ஆறு கிலோமீட்டர் போய், அங்கே என்னவோ பார்த்துவிட்டு, ஆறு கிலோமீட்டர் திரும்பி வருகிற மாதிரி. இங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் அப்படி என்ன இருக்கிறது, அண்ணி? இந்த வீட்டில் என்னைவிட உங்களுக்குத்தான் பழக்கம் அதிகம்.

சங்கத்துக்காரர்கள் பலகையைத் தயார் செய்தேவிட்டார்கள். அண்ணன் பெயரைப் பித்தளையில் வெட்டியிருக்கிறார்கள். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள்.

பயத்துடன் (இது நகைச்சுவை இல்லை),
கொழுந்தன்


மே 29

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மகள் வேலைக்குப் போன பிறகு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதுவரை நாலு தாள் கிழித்தாகிவிட்டது.

அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது. பொய்க் கையெழுத்து ஆகிவிடும்.

என் அப்பா லாரி ஓட்டினவர் என்பது உனக்குத் தெரியும். பதினாலு வயதில் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்பது தெரியாது. கல்யாணப் பேச்சின்போதே உன் அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: "லாரி விஷயத்தை எங்கேயும் பேச வேண்டாம்." நான் பேசவில்லை. புதன்கிழமைதோறும் அவர் பேப்பர் வாங்கப் பெரிய ஊருக்குப் போவார், ரயிலில். நான் காரை எடுப்பேன். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியை என் உயரத்துக்குச் சாய்த்து வைத்துக்கொள்வேன். நான் குள்ளம், அந்தச் சீட்டோ தரையோடு தரையாக இருக்கும். மாடியிலிருந்து பார்த்தால் தலை எப்படித் தெரியும், மடையா?

ஊரெல்லையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, ரோடு இரண்டாகப் பிரிகிற இடம். அங்கே கல்லில் ஆறு என்று போட்டிருக்கும். அதுவரை போவேன். இஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். திரும்பி வந்துவிடுவேன். மூன்று வருஷம், வாரம் தவறாமல்.

கடைசிப் புதன்கிழமை பக்கத்து சீட்டில் ஒரு பெட்டி இருந்தது. துணிமணி. திரும்புகிற எண்ணம் இல்லை. யாரிடமும் போகவில்லை, நீ கதை கட்டாதே. அந்த இரண்டாவது ரோடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். தொட்டியைத் தாண்டி வண்டியை விட்டும்விட்டேன். இரண்டாவது கியர்கூடப் போட்டேன். அப்போது உனக்கு நாலு மணிக்கு மருந்து ஊற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. மாடியில் தனியாக, முகம் வீங்கிக் கிடக்கிறாயே என்று வண்டியைத் திருப்பினேன்.

அச்சகத்தை ஒட்டிய கார் கொட்டகைக்குள் உன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ரயிலுக்குப் போகவே இல்லை. நான் இறங்கினேன். அவர் போனட்டில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்திருக்கும். நோட்டை எடுத்தார். மீட்டரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண். மறுபடி கையை வைத்தார். அவர் வாழ்க்கையில் நோட்டும் கையும் ஒத்துப்போகாத ஒரே நாள் அது. பிறகு பெட்டியை அவரே தூக்கினார். எடை பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார். உள்ளே கொண்டுவந்து அலமாரிமேல் வைத்தார். அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். சாகும்வரை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு மட்டும் ஏன் ரயிலுக்குப் போகாமல் நின்றார் என்று இருபத்தெட்டு வருஷம் யோசித்தேன். உன் மார்ச் மாதக் கடிதத்தில், நீ அவரிடம் சொன்ன அந்த நகைச்சுவையில் விடை வந்தது. அதனால்தான் ஆறு வாரம் எழுதவில்லை. கோபம் என்று நினைக்காதே. கோபமும் இருந்தது.

இப்போது நீ பதில் சொல். நீ 'பன்னிரண்டு' என்று எழுதியதைப் படித்ததும் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு மறுபடி படித்தேன். அது எனக்கு மட்டும் தெரிந்த எண். ஆனால் இன்னொன்றும் எனக்கு மட்டும் தெரியும். சக்கரம் ஓடினால் மீட்டருக்குச் சொல்ல ஒரு கம்பி உண்டு. காரை எடுப்பதற்கு முன்னால் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, அதை உருவி எடுத்துவிடுவேன். திரும்பி வந்து மாட்டிவிடுவேன். அதனால்தான் நோட்டு எப்போதும் சரியாக இருந்தது. கடைசி நாள் மாட்ட முடியவில்லை. அது பெட்டிக்குள் இருந்தது. அன்றிலிருந்து என் ஊசிநூல் டப்பாவில் சுருண்டு கிடக்கிறது. கடல் தாண்டி இங்கேயும் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

அது இல்லாமல் அந்த மீட்டர் ஒரு இலக்கம்கூட நகராது. அப்புறம் எந்த எண்ணைப் பார்த்துத் தம்பி எழுதினாய்?

படிவத்தையும் அனுப்புகிறேன். அவர்கள் வாக்கியத்தை அடித்துவிட்டு, 'இந்த வண்டியை ஓட்டியவர்கள் இருவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். பித்தளையை வேண்டுமானால் உருக்கிக்கொள்ளட்டும். வண்டியை ரேடியோவிடம் விடு, ஓடுகிற மாதிரி செய்யச் சொல். ஜூலையில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

சாஷ்டாங்கமாக விழுந்த நிலையில் எழுதுகிறேன். தொப்பை இடிக்கிறது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

நான் எந்த எண்ணையும் பார்க்கவில்லை. முதல் நாள் பார்த்த 31,406 மட்டும்தான் உண்மை. 31,418, 31,430, 31,442 மூன்றும் இந்த மேஜையில் உட்கார்ந்து கட்டிய புளுகு. கண்ணாடி மறுபடி குனிந்ததும் புளுகு. அன்றைக்குப் பிறகு நான் மீட்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோ பார்த்திருந்தால் என் குட்டு அப்போதே உடைந்திருக்கும், நல்லவேளை, பார்க்கவில்லை. உங்கள் முதல் பதிலில் காரைப் பற்றி ஆச்சரியமே இல்லை என்றதும் எனக்கு மண்டை குடைந்தது. உங்களைப் பேசவைக்க வேண்டும், பயமுறுத்தினால் பேசுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பத்து என்று போட்டால் புளுகு மாதிரி இருக்கும் என்பதால் பன்னிரண்டு போட்டேன். வேறு காரணம் இல்லை. போனட் சூடு மட்டும் புளுகு இல்லை. அது தகரக் கூரைதான். தகரக் கூரையாகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணனிடம் சொன்ன அந்த ஒரு வரியை என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் சபைக்குச் சபை அதைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதற்குமேல் எனக்கு மானம் மிச்சமில்லை. அந்த நாலு மணி மருந்து ரொம்பக் கசக்கும். நீங்கள் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியதும் ஜன்னல் வழியாகத் துப்பிவிடுவேன். அன்றைக்கும் துப்பினேன்.

நேற்று திங்கட்கிழமை கட்டையிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, காரை ரேடியோ பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டேன். கம்பியையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன். முழுக்கதையும் சொன்னேன், புளுகு உட்பட. "ம்" என்றார்.

ஜூலையில் உங்களை அழைக்க நானே வருவேன். தொட்டியைத் தாண்டிப் போகும்போது பக்கத்து சீட்டில் இடம் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் சரி.

தலைகுனிந்து,
கொழுந்தன்


ஜூன் 20

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

பட்டறையிலிருந்து எழுதுவது. தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுக்கவும்.

தங்கள் வண்டியில் இதுவரை நடந்த வேலை: டாங்க் கழுவியது, இஞ்சின் திறந்தது, பிஸ்டன் விடுவித்தது, பிரேக் குழாய் நாலும் புதிது. ஜூலை முதல் வாரம் ஓடும். சீட்டை நகர்த்தவில்லை. தங்கள் கம்பியைத் துடைத்து மாட்டினேன். சரியாகப் பொருந்தியது.

வண்டி உள்ளே வந்ததும் மீட்டர் நம்பரைக் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். பட்டறையில் எடுத்து ஊர் சுற்றினார்கள் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது அல்லவா. தங்கள் வண்டி லாரியிலிருந்து இறங்கியபோது, கம்பி மாட்டுவதற்கு முன்பு, மீட்டரில் இருந்தது 31,442. கூடவே வந்த நோட்டில் கடைசியாக இருப்பது 31,406.

தங்கள் கொழுந்தனாரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால் தங்களுக்கு எழுதுகிறேன். இடையில் உள்ள முப்பத்தாறு கிலோமீட்டர் என் பட்டறையில் ஓடியதல்ல என்று ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு அனுப்பவும்.